வீடு பார்க்க வருகிறார்கள், நைனா

1

சென்ற சனிக்கிழமை காலையில் எங்கள் எதிர்வீட்டு ஜோன் அம்மாள் தன் நாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது கையசைப்பதோடு சரி. அவர் எங்கள் வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

"கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்துகொள்ளட்டுமா? என் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அப்போது நான் அங்கே இருக்கக் கூடாதாம்" என்றார்.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் ஜன்னல் வழியாகத் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரோ கையில் வழவழப்பான தாளோடு உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். ஒரு பெண் ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தத் திரை என்னுடையது இல்லை. ஏஜென்ட் வாடகைக்கு எடுத்து மாட்டியது" என்று ஜோன் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு, சமையலறையில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே வீடு விற்கவேண்டுமென்றால் முதலில் வீட்டுக்காரர்களின் அடையாளத்தை வீட்டிலிருந்து அழிக்கவேண்டும். நாங்கள் எங்கள் முதல் வீட்டை விற்றபோது வந்த ஏஜென்ட் அம்மாள், சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றச் சொன்னாள். பிறகு சாமி படங்களை. பிறகு சமையலறையில் சாம்பார்ப் பொடி டப்பாக்களை. இரண்டு வாரம் தாளிக்காதீர்கள் என்றாள். வருகிறவர்கள் அந்த வீட்டில் தங்களைக் கற்பனை செய்து பார்க்கவேண்டும், நீங்கள் கண்ணில் பட்டால் அது முடியாது என்று விளக்கினாள். வெள்ளை சோபாவும் கண்ணாடிக் குவளையில் எலுமிச்சம்பழங்களும் வந்து இறங்கின. வீடு காட்டும் நேரத்தில் நாங்கள் மூவரும் பூங்கா ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஆனால் நாங்கள் நினைத்ததைவிட நல்ல விலைக்கு வீடு போனது. அதனால் அந்த அம்மாள் சொன்னதெல்லாம் என் மனதில் வேதவாக்காகத் தங்கிவிட்டது.

என் மகள் அனு அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழங்கள் அவளை மயக்கிவிட்டன போலிருக்கிறது. இப்போது அவளுக்கு அதுதான் தொழில். விற்கப்போகும் வீடுகளை அலங்கரித்துத் தரும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

இந்த வருடத் தொடக்கத்தில், கோலார் தங்கவயலில் எங்கள் அப்பாவின் வீட்டை விற்க நான் போனபோது, இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த இந்த ஒன்றைத்தான் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன்.

2

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் முனிரத்தினம். அவருடைய அப்பா வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நைனாவும் அதே சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் வேலையில் இருந்தார். கூண்டு போன்ற கேஜில் ஏறிப் பூமிக்குள் இறங்கினால் ஷிப்ட் முடிந்துதான் மேலே வருவார். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் எல்லோரையும்போல இருந்திருக்கலாம். அம்மாதான் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்ன மனையை வாங்கி, முதலில் ஒரு அறை, அப்புறம் சமையலறை, தம்பி சுகுமார் பிறந்த பிறகு இன்னொரு அறை என்று கைக்குக் காசு வந்தபோதெல்லாம் கட்டினார்கள். அதனால் ஒரு அறையின் தரைக்கும் அடுத்த அறையின் தரைக்கும் மட்டம் ஒன்றாக இருக்காது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அங்கே தடுக்குவார்கள்.

சுரங்கத்தை மூடினார்கள். நைனாவின் நெஞ்சுக்குள் போன தூசி மட்டும் வெளியே வரவில்லை. அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் மூச்சுத் திணறி சமையலறையில் விழுந்து கிடந்தவரை, பால் ஊற்ற வந்தவர் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மிஷின் வீட்டுக்கு வந்தது. நாள் பூராவும் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து நீளமான ஒரு குழாய் அவர் மூக்குக்கு வரும். அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருக்க முடியும், ரொம்ப நேரம் முடியாது.

அவரை இங்கே அழைத்துக்கொள்ள நான் முயற்சி செய்யாமல் இல்லை. விண்ணப்பத்தில் அவருடைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்து மட்டும்தான். ஒரு சான்றிதழில் முனிரத்தினம், இன்னொன்றில் முனிரத்னம், ஆதாரில் வேறு எழுத்து. மூன்று பேரும் ஒருவர்தான் என்று வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்பினேன். கடைசியில் பெயர் பிரச்சினையே இல்லை. மார்பு எக்ஸ்ரேதான் பிரச்சினை. அந்த நுரையீரலுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று மிக மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது.

என் தம்பி சுகுமார் பெங்களூரில் இருக்கிறான். வெகு காலம் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தவன், பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கேயே ஒரு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடிக்குக் குடிபோய்விட்டான். "அக்கா, நைனாவ நான் வச்சிக்கறேன். வீட்ட வித்துடலாம். பூட்டிப் போட்டா இடிஞ்சிதான் போகும்" என்றான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நைனாவும் போனில் "நீங்க ரெண்டு பேரும் பேசிகினு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

3

நான் டயர் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

முதல் வேலை நகராட்சி அலுவலகம். வீட்டுப் பத்திரத்தில் ஒரு திருத்தம். நைனாவும் என்னோடு வந்தார். மாடிப்படி ஏற முடியாமல், "நான் ஆட்டோலயே உக்காந்துகினு இருக்கேன் பாப்பா" என்று திரும்பிவிட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கன்னடத்தில், ஓனர் எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள்தான் நான். கூடப் படித்த பெண்களோடு கன்னடத்தில் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் நாக்கு வேறு வழிக்குப் பழகிவிட்டது. அப்பா கீழே போய்விட்டார் என்று சொல்ல நினைத்து, "அப்பா ஹோகிபிட்ரு" என்றேன்.

அவர் முகம் இளகியது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியாம்மா? அப்படின்னா டெத் சர்டிபிகேட் ஒரு காப்பி வேணும்" என்று தமிழிலேயே சொன்னார்.

ஹோகிபிட்ரு என்றால் செத்துப்போனார் என்றும் அர்த்தம் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. அய்யோ இல்லை, கீழே ஆட்டோவில் இருக்கிறார் என்று பதறினேன். அலுவலகமே சிரித்தது. கீழே வந்து நைனாவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். "நல்லவேள, பென்ஷன் ஆபீசுல சொல்லாம விட்டியே" என்றார்.

அன்றே பெயின்டரை வரச் சொன்னேன். முன்னறைச் சுவர்கள் பச்சை நிறத்தில் இருந்தன. அம்மாவுக்குப் பிடித்த பச்சை. அனு வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த கலர் ரொம்ப சத்தம் போடுது" என்றாள். வெளிர் சாம்பல் நிறம் அடித்தோம். முன்னறையில் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு விரிசல் உண்டு. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து மேலே ஊரே ஆடிய ஒரு நாளில் வந்த விரிசல் அது. அதில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்ததும் இருந்த இடம் தெரியவில்லை. சுரங்க மண்ணைக் கொட்டி வைத்திருக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் வெள்ளைத் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படியும். காலையும் மாலையும் துடைத்தேன்.

பிறகு படங்கள். அம்மாவின் படம், நைனா ஹெல்மெட்டோடு நிற்கும் படம், சாமி மாடத்தில் இருந்த முருகன், பெருமாள், வேளாங்கண்ணி மாதா எல்லோரையும் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தேன். நைனா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு பாப்பா?"

"வீடு பார்க்க வர்றாங்க நைனா. வர்றவங்களுக்கு அவங்க வீடு மாதிரி தெரியணும். அப்போதான் வாங்கத் தோணும்."

"ஓ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நானு?" என்றார்.

நான் இதை எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்துவிட்டார். "அவங்க வர்ற நேரம் மட்டும் நீங்க வெளியே எங்கேயாவது போய் உட்கார்ந்துக்க முடியுமா நைனா? மிஷின் சத்தம், இருமல், அதெல்லாம்..." என்று இழுத்தேன்.

"ஊரிகம் டேசன்ல போய் உக்காந்துக்கறேன். அங்க உக்காந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எத்தினி மணிக்கு ஷிப்ட்டுனு மட்டும் சொல்லு, போதும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒத்துழைத்தார். அதுதான் பிறகு என்னை வாட்டியது. அன்றிலிருந்து அவர் தன் வீட்டில் விருந்தாளியைப்போல ஆகிவிட்டார். சோபாவில் நான் விரித்த புது விரிப்பு கசங்கும் என்று அதில் உட்காரவில்லை. தண்ணீர் குடித்த டம்ளரை உடனே கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இருமிவிட்டு வந்தார்.

4

முதலில் வந்தவர்கள் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். தரகர் நாகராஜ் அழைத்து வந்தார். நைனா ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். மிஷினைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தேன். வீட்டில் எலுமிச்சை வாசனை. எல்லாம் அனு சொன்னபடி.

அந்த அம்மாள் முன்னறையில் நின்று சுற்றிலும் பார்த்தார். சாமி மாடத்துக்கு முன்னால் வந்து அங்கேயே நின்றுவிட்டார். சமையலறையைப் பார்க்கவே இல்லை. கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நாகராஜ் போன் செய்தார். "அக்கா, அவங்களுக்கு வேணாமாம். தப்பா நெனச்சிக்காதீங்க. வீட்ல சாமி இல்ல, ஒரு போட்டோ இல்ல, மனுசங்க வாசனையே இல்ல. அந்த வீட்ல இன்னாமோ நடந்திருக்குதுனு அந்தம்மா பயப்படுது."

அனுவிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு இன்னும் காலியாகவில்லை, பாதி வேலைதான் ஆகியிருக்கிறது, அதனால்தான் அப்படித் தோன்றுகிறது என்றாள். நைனாவின் அறையில் இருக்கும் பழைய இரும்புக் கட்டிலையும் மெத்தையையும் எடுத்துவிட்டு, ஒரு மேஜையும் விளக்கும் போடச் சொன்னாள். அவளுக்குத் தன் தொழிலில் நம்பிக்கை அதிகம். எனக்கும்தான்.

மறுநாள் கட்டிலையும் மெத்தையையும் எடுத்து, பழைய சாமான் வாங்குகிறவர் வருவதற்காகத் தெருவில் வைத்தோம். இரவு நைனாவுக்கு மடக்குக் கட்டில் போட்டுக்கொள்ளலாம், காலையில் சுருட்டிவிடலாம் என்பது என் கணக்கு. பிறகு வாசல் முதல் கொல்லை வரை வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான் கேட்டருகே துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அனு கூப்பிட்டாள். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, எல்லாம் கழுவிட்டீங்களா?"

"ஆச்சு கண்ணு."

"பெட் வெளியே போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"குட். தாத்தாவ எடுத்துட்டீங்களா?"

அவள் கேட்க நினைத்தது, தாத்தாவை வெளியே அழைத்துப் போய்விட்டீர்களா என்பதுதான். அவள் மூளையில் ஆங்கிலத்தில் ஒரு சொல் ஓடி, அது தமிழில் இப்படி வந்து விழுந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ தங்கவயலிலோ வளர்ந்த எந்தப் பிள்ளையும் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி இந்த வார்த்தையைச் சொல்லாது. பிணத்தைத்தான் எடுப்பார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எடுத்துவிட்டார்களா என்று சாவு வீட்டில்தான் கேட்பார்கள்.

தெருவில் பூக்கூடையோடு போய்க்கொண்டிருந்த பூக்காரம்மா நின்றாள். என்னையும், கழுவிவிட்ட வாசலையும், தெருவில் கிடந்த மெத்தையையும் பார்த்தாள். நான் போனை அணைக்க முயன்றுகொண்டிருந்ததில் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பினால், பின்னால் நைனா நின்றிருந்தார். கேட்டிருக்கிறார். "கொழந்த தமிழு இப்பிடி ஆயிப்போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாக உள்ளே போனார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

5

மறுநாள் காலையில் இன்னொரு குடும்பம் வருவதாக இருந்தது. நான் முன்னறையில் தலையணைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் நைனாவுக்கு இருமல் வந்து, கொல்லைப்புறம் போயிருந்தார்.

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். தொடர்ந்து ஒரு ஆண் குரல் வாய்விட்டு அழுதது.

"முனிரத்னம்! சொல்லாம கொள்ளாம போய்ட்டியேடா! எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா!"

எல்லப்பன் மாமா. நைனாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். தங்கவயலிலேயே பாலகாட்டுப் பக்கம் இருக்கிறார். கையில் ரோஜாவும் சாமந்தியும் கலந்து கட்டிய பெரிய மாலை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அழுதுகொண்டே உள்ளே வந்தார். என் தலையில் கை வைத்தார். "எப்பம்மா வந்த? மூஞ்சியாவது பாத்தியா? நேத்தே எடுத்துட்டாங்களாமே" என்றார். மாலையை எங்கே வைப்பது என்று சுவரைத் தேடினார். சுவரில் ஒன்றும் இல்லை. வெளிர் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"மாமா, இல்ல மாமா..." என்று ஆரம்பித்தேன்.

அப்போது கொல்லைக் கதவு வழியாகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே நைனா வந்தார்.

எல்லப்பன் மாமா அவரைப் பார்த்தார். கழுவி வைத்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாலை மடியில் கிடந்தது. "டேய்... நீ... இருக்கியாடா?"

நைனாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இருக்கேன்டா. இப்பத்தான் கேஜ்லேர்ந்து எறங்கறேன்" என்றார். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலமாவதைப் பார்த்துவிட்டு நான் ஓடிப்போய், குளியலறையிலிருந்து மிஷினை இழுத்து வந்து குழாயை மாட்டினேன். அது இரண்டு தடவை நழுவியது. எல்லப்பன் மாமா நைனாவின் முதுகை நீவிக்கொண்டே என்னைத் திட்டினார்.

"பூக்காரி சொன்னா. ஃபாரின்லேர்ந்து பொண்ணு வந்துட்டுது, வீட்ட கழுவி உட்டாங்க, மெத்தைய தெருவுல போட்டாங்க, போட்டோவெல்லாம் எறக்கிட்டாங்கன்னா. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு இன்னாம்மா சொல்லணும்? நான் அவ கிட்டயே மாலைய வாங்கிகினு வரேன்!"

மூச்சு திரும்பியதும் நைனா கேட்ட முதல் கேள்வி, "உங்கம்மா படம் எங்க பாப்பா?"

அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்து வந்தேன். பெயின்ட் அடித்த சுவரில் ஆணி இல்லை. எல்லப்பன் மாமாவே சுத்தியல் கேட்டு வாங்கி ஆணி அடித்தார். புது பெயின்ட் உதிர்ந்தது. மாலையை அம்மாவுக்குப் போட்டார்கள். படத்தைவிட மாலை பெரிதாக இருந்தது.

அன்று வருவதாக இருந்தவர்களை அழைத்து வரவேண்டாம் என்று நாகராஜுக்குப் போன் செய்தேன். எல்லப்பன் மாமா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நைனா, வீட்டை விற்கிறதுல உங்களுக்கு இஷ்டமா?"

அவர் குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டார்.

"இஷ்டம் இல்லன்னு சொன்னா இன்னா பண்ணுவ? இங்கயே இருந்துடுவியா?"

இருக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"விக்கத்தான் வேணும் பாப்பா. அன்னிக்கி பால்காரர் வராங்காட்டி நான் கெடந்த எடத்துலயே போயிருப்பேன். மூச்சு நின்னா கதவத் தட்ட ஒரு ஆளு வேணும். அத்த நான் யோசிக்காம இல்ல. ஆனா இது என் வீடு. என் வீட்ட நான் விக்கறேன். நீ விக்காத."

6

அடுத்த முறை ஆட்கள் வந்தபோது நைனா முன்னறையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. முருகனும் பெருமாளும் மாதாவும் மாடத்துக்குத் திரும்பியிருந்தார்கள். நான் காலையில் வெங்காயம் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். அனுவின் கண்ணில் பட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

வந்தது ரமேஷ் என்ற இளைஞரும் அவர் மனைவி கவிதாவும். அவர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

"உக்காருங்க" என்று அவர்களை சோபாவில் உட்காரவைத்து, காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, நைனாவே எழுந்து வீட்டைக் காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினார். தன் வீட்டைப் பற்றி அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"இந்தச் செவுத்துல ஒரு விரிசல் இருக்குது. ராக் பர்ஸ்ட்டுல உட்டது. பாப்பா மேல பெயின்ட் அடிச்சி மூடி வச்சிருக்குது. பயப்பட ஒண்ணும் இல்ல, அதுக்கப்பறம் வளரல. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க பாத்து வாங்க, தரை எறங்கும். இந்த ரூம கட்டறப்ப கையில காசு இல்ல, மண்ணு ரொப்பாம உட்டுட்டோம். மழ அடிச்சா அந்த ஜன்னல்ல சாரல் வரும்."

சமையலறை வாசல் வரைதான் மிஷினின் குழாய் எட்டும். அங்கே வந்ததும் இழுவையில் அவர் நின்றுவிட்டார். அதற்கு மேல் போக முடியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போன அவர்களுக்குக் குரல் கொடுத்தார். "எடது கைப் பக்கம் அலமாரி. மேல் தட்டுல எலி வராது. பின்னால கொழாயில காலையில தண்ணி வரும். அந்தத் தொவைக்கிற கல்லு பாலாறு பக்கத்துலேர்ந்து எங்க வூட்டம்மா கொண்டாந்தது. அத்த மட்டும் ஒடைக்காதீங்க."

கவிதா திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள். "எங்கப்பாவுக்கும் இதே மிஷினு தான் தாத்தா. அவரும் உள்ள எறங்குனவரு. போன வருசம் போய்ட்டாரு" என்றாள். பேரம் பேசும்போது கணவர் விரிசலைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தார். அவள் அவர் கையை அழுத்தினாள். கொஞ்சம் குறைத்தோம். அவர்களே வாங்கினார்கள்.

அனுவிடம் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. "தாத்தா வீட்ல இருந்தாரா? இருந்துமா வித்துச்சு?" என்று கேட்டாள். அவளிடம் எடுத்துட்டீங்களா என்ற சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன். பிறகு தாத்தாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். என்ன பேசினாள் என்று தெரியாது. நைனா "பரவால்ல கண்ணு, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

7

நைனாவைப் பெங்களூரில் சுகுமார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவருக்கென்று ஒரு அறை. ஜன்னல் பக்கம் கட்டில். சுகுமாரின் மனைவி நல்ல பெண். வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறாள், புளி குறைத்துச் சமைக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்படி எழுதும்போதே, யாரோ என்னைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவேன். இந்த ஞாயிறு, ஜோன் அம்மாள் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்ததற்கு மறுநாள், கொஞ்சம் முன்னதாகவே கூப்பிட்டேன். நைனா எடுத்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. பின்னால் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம்.

"எங்க நைனா இருக்கீங்க?"

"பின்னாடி பால்கனில. துணி காயப் போடற எடம்."

"அங்க ஏன் நிற்கிறீங்க? குழாய் அதுவரைக்கும் எட்டுமா?"

"கழட்டி வச்சிட்டேன். கொஞ்ச நேரம்தான் பாப்பா. சுகுமாரோட ஆபீஸ்காரங்க ஹால்ல வந்திருக்காங்க. போனதும் உள்ள போயிடுவேன். அப்பறம் பேசட்டுமா?"

"யாரு சொன்னா உங்களை அங்க போய் நிற்கச் சொல்லி? சுகுமாரா? அவன் பொண்டாட்டியா?"

"சேச்சே. அவங்கள ஒண்ணும் சொல்லாத. யாரும் சொல்லல. நானேதான் வந்தேன். இருமுனா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும் இல்ல."

வெளியில் எங்கள் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"நைனா, உள்ள போங்க. ரூமுக்குப் போய் குழாயை மாட்டிக்கிட்டு, ஹாலுக்குப் போய் உட்காருங்க. நான் போனை வைக்க மாட்டேன்."

"எதுக்கு பாப்பா, வேணாம்..."

"போங்க நைனா."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் செருப்பு தரையில் உரசியது. ஒரு நாற்காலியையோ கதவையோ பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். மிஷின் உறுமல் தொடங்கியது. குழாய் ஹால் வரை எட்டுமா என்று எனக்குத் தெரியாது. மிஷினையே இழுத்துக்கொண்டு போனார் போலிருக்கிறது, சக்கரங்கள் தடதடத்தன. ஆண்களின் பேச்சும் சிரிப்பும் நெருங்கி வந்து, சட்டென்று நின்றன.

யாரோ ஆங்கிலத்தில், "இவர் யார்?" என்று கேட்டார்கள்.

சுகுமார் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. அதற்குள் நைனாவே பேசினார், ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு.

"வாங்க, உக்காருங்க. நான் முனிரத்தினம். சுகுமாரோட அப்பா. இங்கதான் இருக்கேன்."